வேட்டை வில்லுக்கு ஸ்டெபிலைசர்: நீளம், எடை, கோணம் பார்த்துப் பொருத்த ஒரு முழுமையான வழிகாட்டி

கொழும்பில் கொம்பவுண்ட் வில் (முனைகளில் சக்கரம் வைத்த வில்) எய்பவர்கள் கையில் பெரும்பாலும் இருப்பது வேட்டைக்கென்று செய்த வில்தான். விலையும் அளவும் அப்படி. இங்கே அதைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போவதற்கில்லை. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. ஆகவே நமக்கு அது இலக்குத் தாளுக்கும் ஃபோம் மிருகத்துக்கும் எய்கிற வில். ஆனால் அதைச் செய்தவர்கள் மனதில் வைத்தது காட்டை. மரத்துக்கு மரம் தூக்கிப் போக இலேசாகவும், கிளையில் சிக்காதபடி குட்டையாகவும் வடித்தார்கள். வெறும் வில் ஏறத்தாழ இரண்டு கிலோ, சக்கர அச்சுக்கு அச்சு 30 முதல் 33 அங்குலம். இலேசும் குட்டையுமான வில்லைக் கையின் சிறு அசைவும் எளிதாகத் திருப்பிவிடும். சைட்டுக்குள் (குறிபார்க்கும் கருவிக்குள்) தெரியும் குறிப்புள்ளி ஓரிடத்தில் நிற்காமல் அலைவதற்குப் பாதிக் காரணம் இதுவே.

அப்போதுதான் ஸ்டெபிலைசர், அதாவது நுனியில் எடை மாட்டி வில்லில் பொருத்தும் தண்டு, வாங்கும் யோசனை வருகிறது. எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை அங்குலம் வாங்க?" என்பது. அதற்கு முன்பு கேட்க வேண்டியது, "என் வில் எந்தப் பக்கம் சாய்கிறது?" என்ற கேள்வி. அது தெரியாமல் முன்னால் ஒரு தண்டை மட்டும் மாட்டினால், கோணலாக நிற்கும் வில் இன்னும் கொஞ்சம் பாரமாகக் கோணி நிற்கும்.

தண்டு என்ன செய்கிறது?

கழைக்கூத்தாடி கயிற்றில் நடக்கும்போது கையில் நீண்ட கழி வைத்திருப்பது எதற்கோ, அதற்குத்தான் இதுவும். எடையை மையத்திலிருந்து தள்ளி வைத்தால் பொருளைத் திருப்புவது கடினமாகிறது. இதில் ஒரு கணக்கு இருக்கிறது, அதை மட்டும் மனதில் பதித்துக்கொண்டால் கடைக்காரர் சொல்வதில் பாதியை நீங்களே எடைபோடலாம். திரும்புவதற்கான எதிர்ப்பு எடையோடு நேராகக் கூடுகிறது. தூரத்தோடோ அதன் வர்க்கமாகக் கூடுகிறது.

10 அங்குலத் தண்டின் நுனியில் 300 கிராம், 30 அங்குலத் தண்டின் நுனியில் 100 கிராம் என்று இரண்டு அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டைக் கீழே இழுக்கும் பாரம் இரண்டிலும் ஒன்றுதான், ஏனென்றால் 10 பெருக்கல் 300ம் 30 பெருக்கல் 100ம் ஒரே விடை. ஆனால் அசைவை எதிர்க்கும் திறனில் இரண்டாவது முதலாவதைப்போல் மூன்று மடங்கு. அதோடு வில்லின் மொத்த எடை 200 கிராம் குறைவு. குட்டைத் தண்டுகளுக்கும் இதே நியாயம்தான்: 8 அங்குலத்திலிருந்து 12க்குப் போனால், அதே எடைக்கு எதிர்ப்பு இரண்டேகால் மடங்காகிறது. ஆகவே முதலில் நீளம், பிறகு எடை.

தண்டு செய்யும் இரண்டாவது வேலை சமநிலை. சைட், அம்பறாத்தூணி, ரெஸ்ட் (அம்பு தங்கும் தாங்கி) எல்லாம் ஒரு பக்கமாகத் தொங்கும்போது அதற்கு எதிர்ப்பாரமாக நிற்பது. குறி தப்பாமல் இருக்க இதுவும் நீளத்தைப் போலவே முக்கியம்.

மூன்றாவது, அதிர்வை விழுங்குவது. 5, 6 அங்குலத்தில் ரப்பர் வளையங்களோடு விற்கும் குட்டைத் துண்டுகள் பெரும்பாலும் இந்த ஒரு வேலைக்கே. கைக்கு இதமாக இருக்கும், சத்தம் குறையும். ஆனால் நாம் உணரும் அந்த அதிர்வு, அம்பு நாணை விட்டுப் போன பிறகு வருவது. போய்விட்ட அம்பை எந்த ரப்பரும் திருத்தாது. குறிக்காக வாங்குபவர் அந்தக் குட்டைத் துண்டில் காசு போட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

தண்டுக்கு முன் பார்க்க வேண்டியவை

இழுவை நீளம் (நாணை முழுதாக இழுக்கும் தூரம்) ஓர் அங்குலம் கூடுதலாக இருந்தாலும் தோள் பின்னால் சாயும், புள்ளி பெரிய வட்டமாக அலையும். எத்தனை எடை மாட்டினாலும் அது நிற்காது. இழுவை எடை (நாணை இழுக்கத் தேவையான பலம்) அதிகமென்றால், வில்லை வானத்தை நோக்கித் தூக்கித்தான் இழுக்க வரும். அப்படியானால் முதலில் அதைக் குறையுங்கள். கிரிப்பை (கைப்பிடியை) இறுக்கிப் பிடிப்பவர் வில்லை முறுக்குகிறார். கட்டைவிரலின் அடிமேடு மட்டும் கிரிப்பில் அழுந்த, விரல்கள் தளர்ந்திருக்க வேண்டும். வில் விழுந்துவிடும் என்ற பயம்தான் விரல்களை மூட வைக்கிறது. மணிக்கட்டு வார் ஒன்று போட்டால் அந்தப் பயம் போய்விடும்.

முதல் படி: வில்லை முழுதாக உடுத்தி எடை பாருங்கள்

எய்யும்போது வில்லில் என்னென்ன இருக்குமோ அத்தனையையும் மாட்டுங்கள். அம்பறாத்தூணியை வில்லிலேயே வைத்து எய்பவர் என்றால் அம்புகளோடு மாட்ட வேண்டும். கழற்றி வைத்துவிட்டு எய்பவர் என்றால் அதை இப்போதே கழற்றுங்கள். இரண்டில் ஒன்றை முடிவு செய்யாமல் மேலே போவதில் பயனில்லை. ஐந்து அம்போடு கூடிய அம்பறாத்தூணி வில்லின் சாய்வையே மாற்றிவிடும். பயணப்பை நிறுக்கும் கைத்தராசில் தொங்கவிட்டு மொத்த எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் எவ்வளவு ஏற்றினோம் என்று தெரிய இந்த எண் வேண்டும்.

இரண்டாம் படி: கண்ணை மூடிச் சாய்வைக் கண்டுபிடியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். பெரிய ஃபோம் இலக்குக்கு முன்னால் நான்கு மீட்டரில் நின்று, அம்பைப் பூட்டி முழுதாக இழுங்கள். அம்பில்லாமல் இழுக்க வேண்டாம். தவறி நாண் விடுபட்டால் வில்லின் கைகள் உடையலாம், கேம் (முனைச் சக்கரம்) வளையலாம், முகத்திலும் அடிபடலாம். ரிலீஸ் (நாணைப் பிடித்து விடும் கருவி) விசையிலிருந்து விரலை எடுத்துப் பின்னால் வையுங்கள். விசையில்லாமல் சுழன்று விடுபடும் வகை ரிலீஸை இந்தச் சோதனைக்கு எடுக்கவே வேண்டாம்.

இலக்கின் நடுவைப் பார்த்தபடி கண்ணை மூடி, பிடிக்கும் கையைத் தளரவிட்டு, வில் தன் போக்கில் நிற்க இரண்டு மூன்று வினாடி கொடுங்கள். பிறகு கண்ணைத் திறந்து சைட்டில் உள்ள சின்ன ரசமட்டத்தைப் பாருங்கள். குமிழி எந்தப் பக்கம் ஓடியிருக்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் வில்லின் மேல்முனை சாய்கிறது. மெதுவாக நாணை இறக்கி, மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி ஒரு சில தடவை. ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமென்றால் அது வில்லின் குணம். பக்கம் மாறிக்கொண்டே இருந்தால் கோளாறு வில்லில் இல்லை, பிடியில்.

வலக்கைக்காரரின் வில் பெரும்பாலும் வலப்பக்கம் சாயும். சைட்டும் அம்பறாத்தூணியும் ரைசரின் (வில்லின் நடுச்சட்டத்தின்) வலப்புறம் மாட்டப்படுவதால் அப்படி. கண் திறந்திருக்கும்போது மணிக்கட்டால் அதை நிமிர்த்தி வைக்கிறீர்கள். விடும் கணத்தில் அந்த மணிக்கட்டு தளர்கிறது. சாய்வு எவ்வளவு கெடுக்கும்? வினாடிக்கு 82 மீட்டர் வேகத்தில் போகும் அம்பு 40 மீட்டர் செல்வதற்குள் ஏறத்தாழ 1.2 மீட்டர் தாழ்கிறது. அந்தத் தாழ்வை ஈடுகட்டவே வில்லைச் சற்று மேல்நோக்கி எய்கிறோம். வில் 2 பாகை சாய்ந்திருந்தால் அந்த ஈடு பக்கவாட்டில் வழுகி, அம்பு 4 சென்டிமீட்டர் தள்ளிக் குத்தும். உலக வில்வித்தைச் சம்மேளனத்தின் 50 மீட்டர் கொம்பவுண்ட் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 8 சென்டிமீட்டர். நடுவைச் சரியாகக் குறிபார்த்தாலும் ஓரத்துக்குப் போய்விடும் தூரம் அது.

மூன்றாம் படி: நீளத்தைத் தெரிவு செய்யுங்கள்

வேட்டை வில்லை அதன் போக்கிலேயே வைத்திருக்க விரும்பினால் முன்தண்டு 10 முதல் 12 அங்குலம், பின்தண்டு 8 முதல் 10. அமெரிக்க 3டி (ஃபோம் மிருகங்களுக்கு எய்யும்) போட்டிகளில் வேட்டை வில் பிரிவுக்கு முன்தண்டு 12 அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்று எல்லை வைப்பது வழக்கம் என்பதால் சந்தையிலும் இந்த அளவு தாராளமாகக் கிடைக்கிறது. தாளுக்கு மட்டுமே எய்வேன் என்றால் 27 முதல் 33 அங்குலம் வரை போகலாம். எந்தப் பிரிவில் போட்டியிடப் போகிறீர்கள் என்று முன்கூட்டியே பாருங்கள். உலகச் சம்மேளனத்தின் 'வெறும் வில்' (barebow) என்ற தனிப் பிரிவில் தண்டே கூடாது. நாண் கழற்றிய வில் 12.2 சென்டிமீட்டர் வளையத்துக்குள் நுழைய வேண்டும்.

இரண்டு நடைமுறைக் காரியங்கள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ மாடி வீட்டில் இருந்துகொண்டு, முச்சக்கரவண்டியில் வில்லோடு மைதானத்துக்குப் போகிறவர், அரைத் திருப்பில் கழன்று வரும் இணைப்பான் ஒன்றையும் சேர்த்து வாங்குவது நல்லது. அடுத்தது காற்று. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசும்போது, கடலுக்குக் கிட்டிய திறந்த திடலில் பருமனான தண்டு காற்றைப் பிடித்து வில்லைத் தள்ளும். ஒரே விறைப்புக்கு மெல்லிய கார்பன் தண்டு கிடைத்தால் அதையே எடுங்கள். விறைப்பைக் கடையிலேயே பார்க்கலாம்: ஒரு முனையைப் பிடித்து, எடை மாட்டிய மறுமுனையைத் தட்டுங்கள். நெடுநேரம் ஆடினால் வேண்டாம்.

நான்காம் படி: புரி பொருந்துகிறதா?

பணத்தை அதிகம் வீணாக்கும் இடம் இது. ரைசரில் தண்டு மாட்டும் துளை 5/16 அங்குலம், அங்குலத்துக்கு 24 புரி. 5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீட்டர். எட்டு மில்லிமீட்டர் போல்ட் பார்வைக்கு அச்சாக அதுபோலவே இருக்கும். "எட்டுத்தான் தம்பி, போகும்" என்று சொல்லித் தருவார்கள். இரண்டு சுற்றுப் போகவும் செய்யும். ஆனால் எட்டு மில்லிமீட்டர் போல்ட்டின் புரி இடைவெளி 1.25 மில்லிமீட்டர், ரைசரில் இருப்பது 1.06. குறட்டைப் போட்டு முறுக்கினால் ரைசரின் புரி தேய்ந்துவிடும். அதன் பிறகு சரியான தண்டும் நிற்காது. கையால் சுழற்றி இறுதிவரை போகாத எதையும் ரைசருக்குள் ஏற்றாதீர்கள்.

தண்டின் நுனியில் எடை மாட்டும் புரி வேறாக இருக்கலாம். சில நிறுவனங்கள் அங்கேயும் 5/16 வைக்கின்றன. மற்றவை கால் அங்குலம், 20 புரி. அது கமராவின் முக்காலியில் உள்ள அதே திருகு என்பதால் வீட்டில் முக்காலி இருந்தால் அதை வைத்தே பார்த்துக்கொள்ளலாம்.

எடை வில்லைகள் ஓர் அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 28 கிராம் கணக்கில் வரும். இறக்குமதி செய்து வாங்கினால் இரும்புத் துண்டுக்கு இவ்வளவு விலையா என்று தோன்றும். எவ்வளவு எடை வேண்டும் என்று தெரிவதற்கு முன் அதை வாங்க வேண்டிய அவசியமில்லை. பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் பெரிய இரும்பு வொஷர்கள், அங்குலப் புரி போல்ட் எல்லாம் கிடைக்கும். சமையலறைத் தராசில் நிறுத்து, 28 கிராம் கட்டுகளாகச் சேர்த்து வைத்துக்கொண்டு சோதனை முழுவதையும் அவற்றைக் கொண்டே முடிக்கலாம். முடிவான எடை தெரிந்தபின் அழகான வில்லைகளை வாங்குங்கள், அல்லது வொஷரோடேயே இருங்கள். அம்புக்கு வித்தியாசம் தெரியாது.

ஐந்தாம் படி: முன்தண்டு, எடையில்லாமல் தொடங்கி

முன்தண்டை வெறுமையாக மாட்டி 20 மீட்டரில் சில அம்புகள் எய்யுங்கள். பிறகு ஒவ்வோர் அவுன்ஸாகக் கூட்டுங்கள். ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டியது புள்ளியின் நடத்தை.

புள்ளி சிறிதாக, வேகமாகத் துடித்தால் எடை போதவில்லை. பெரிதாக, மெதுவாக வழுகி, திரும்ப நடுவுக்குக் கொண்டுவர நேரம் எடுத்தால் எடை கூடிவிட்டது. இலக்குக்குக் கீழே இறங்கி இறங்கி, அதை ஏந்திக்கொண்டே விட வேண்டியிருந்தால் முன்பாரம் அதிகம். மேலே மிதந்தால் குறைவு. நமக்கு வேண்டியது சிறிதாகவும் சோம்பலாகவும் அசையும் புள்ளி. முழுதாக அசைவற்று நிற்கும் புள்ளி யாருக்கும் இல்லை. அதைத் தேடி எடையை ஏற்றிக்கொண்டே போகிறவருக்கு ஈற்றில் கிடைப்பது தோள்வலி.

10, 12 அங்குலத் தண்டுக்குப் பெரும்பாலானோர் 3 முதல் 6 அவுன்ஸுக்குள் ஓரிடத்தில் வந்து நிற்பார்கள். உங்கள் எண் வேறாக இருந்தால் கவலைப்படாதீர்கள்.

ஆறாம் படி: பின்தண்டு, சாய்வை முடிக்கும் இடம்

வேட்டை வில்லில் குறியை உண்மையாக மாற்றுவது பெரும்பாலும் இந்தத் தண்டு. கடையில் இதை "பிறகு வாங்கலாம்" என்று சொல்வார்கள். கையில் காசு விலையுயர்ந்த இரண்டு தண்டுக்குக் காணாது என்றால், நடுத்தர விலையில் இரண்டை வாங்குங்கள் என்பேன்; விலையுயர்ந்த ஒற்றை முன்தண்டைவிட அது உதவும்.

ரைசரின் பின்புறம், கிரிப்புக்குக் கீழே துளை இருந்தால் பின்தண்டை அங்கே மாட்டலாம். இல்லாத வில்லில் முன்தண்டுக்கும் ரைசருக்கும் இடையில் ஒரு தாங்கி வைத்து அதிலிருந்து பின்னால் எடுக்க வேண்டும். வலக்கைக்காரருக்குத் தண்டு இடப்பக்கம் விரிய வேண்டும், அம்பறாத்தூணிக்கு எதிராக. தொடக்கத்தில் பின்னோக்கி ஏறக்குறைய நேராக, சற்றே கீழே தாழ்த்தி வையுங்கள். முன்தண்டின் எடையைப்போல் இரண்டு மடங்கு போடுங்கள்: முன்னால் 4 அவுன்ஸ் என்றால் பின்னால் 8. பின்தண்டு குட்டை, உடம்பை நோக்கி வருவது; அதனால்தான் எடை கூட வேண்டியிருக்கிறது.

இப்போது இரண்டாம் படியின் கண்மூடிச் சோதனை மறுபடி. குமிழி இன்னும் பழைய பக்கமே ஓடினால் தண்டை வெளிப்பக்கம் சில பாகை விரியுங்கள். எதிர்ப்பக்கம் ஓடினால் உள்ளே கொண்டுவாருங்கள். இந்தக் கட்டத்தில் எடையைத் தொடாதீர்கள், கோணத்தை மட்டும். கண் திறக்கும்போது குமிழி நடுவில் கிடக்கும் கோணம் ஒன்று வரும். அந்தக் கோணத்தில் தாங்கியின் இரண்டு பாகத்துக்கும் சேர்த்து நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள்.

எய்தபின் வில் என்ன செய்கிறது என்றும் கவனியுங்கள். கை தளர்ந்திருந்தால், சரியாகச் சமநிலைப்பட்ட வில் இருந்த இடத்திலேயே நின்று மெல்ல முன்னால் கவியும். பக்கவாட்டில் உருண்டால் கோணத்தில் இன்னும் வேலை இருக்கிறது. பின்னால், முகத்தை நோக்கிச் சாய்ந்தால் பின்பாரம் அதிகம்.

ஏழாம் படி: தாளைக் கேளுங்கள்

கையில் நன்றாக இருக்கிறது என்பதும் அம்பு நெருக்கமாகக் குத்துகிறது என்பதும் எப்போதும் ஒன்றாக வருவதில்லை. புள்ளி அழகாக நிற்கும், தாளில் குத்திய அம்புக் கூட்டம் சிதறும்; அது அரிதல்ல. ஆகவே இரண்டு அமைப்புகளை எடுத்துக்கொண்டு 30 மீட்டரில் ஐந்தைந்து அம்பாக மாறிமாறி எய்யுங்கள். முதல் அமைப்பு, இரண்டாம் அமைப்பு, மறுபடி முதலாவது என்று மாற்றுவது முக்கியம். ஒன்றை முழுதாக முடித்துவிட்டு மற்றதற்குப் போனால், இரண்டாவதின் தாளில் பதிவது உங்கள் களைப்பு. ஒவ்வொன்றுக்கும் தனித் தாள். ஒருமுறைக்கு ஒரு மாற்றம்தான்.

எடை மாறினால் கூட்டம் விழும் இடமும் கொஞ்சம் நகரும். அதைப் பொருட்படுத்தாதீர்கள், சைட்டைப் பிறகு திருப்பலாம். பார்க்க வேண்டியது கூட்டத்தின் அகலத்தையும் உயரத்தையும், தனித்தனியாக. அகலம் கூடினால் வில் பக்கவாட்டில் திரும்புகிறது: பிடியையும் பின்தண்டின் கோணத்தையும் பாருங்கள். உயரம் கூடினால் முன்பின் பாரம் சமப்படவில்லை, அல்லது தோள் களைக்கிறது. ஓர் அம்பு மட்டும் எப்போதும் விலகினால் அந்த அம்புக்கு எண் போட்டு, அதன் இறகையும் தண்டையும் பாருங்கள். ஸ்டெபிலைசரைக் குறை சொல்ல வேண்டாம்.

எட்டாம் படி: கடைசி அம்புகள்

காலை ஏழு மணிக்கு நன்றாக இருக்கும் அமைப்பு பத்து மணிக்கு எப்படி இருக்கிறது? கொழும்பின் புழுக்கத்தில் கை வியர்த்து, கிரிப் வழுக்கி, தோள் இறங்கியபின் எய்யும் அம்புகள்தான் எடையைத் தீர்மானிக்க வேண்டும். பயிற்சியின் இறுதியில் முழுதாக இழுத்து 20 வினாடி பிடித்துப் பாருங்கள். பாதியிலேயே புள்ளி கீழே விழத் தொடங்கினால் இரு தண்டிலும் எடையைக் குறையுங்கள், விகிதம் மாறாமல்: 4க்கு 8 இருந்ததை 3க்கு 6 ஆக்குங்கள். பலம் கூடியபின் திரும்ப ஏற்றலாம். கிரிப்பில் பூப்பந்து மட்டைக்குச் சுற்றும் நாடாவை ஒரு சுற்றுச் சுற்றினால் வியர்வைக்கு நல்லது, ஆனால் தடிப்பாகச் சுற்றினால் பிடி மாறிவிடும்.

பராமரிப்பு

கழலும் தண்டு, சொல்லாமல் கொள்ளாமல் குறியைக் கெடுக்கும். எய்யத் தொடங்குமுன் ஒவ்வோர் இணைப்பையும் விரலால் இறுக்கிப் பாருங்கள். குழாய்க்குச் சுற்றும் வெள்ளை நாடாவைப் புரியில் ஒரு சுற்று விட்டால் எடைகள் எளிதில் கழலாது. கடற்காற்றில் இரும்பு வொஷர் சீக்கிரமே துருப்பிடிக்கும். எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து வைத்தால் போதும். ரப்பர் அதிர்வுத்தாங்கி வைத்த தண்டென்றால், வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் விடாதீர்கள். ரப்பர் இளகி நுனி தொங்கத் தொடங்கினால் அதை மாற்றும்வரை கழற்றிவிட்டு எய்வது மேல்.

புதிய சைட், வேறு அம்பறாத்தூணி, பாரமான அம்பு, இவற்றில் எது மாறினாலும் இரண்டாம் படிக்குத் திரும்பிப் போய்க் கண்ணை மூடிப் பாருங்கள். பெரும்பாலும் கோணத்தில் இரண்டு மூன்று பாகை திருப்பினால் சரிவந்துவிடும்; நகப்பூச்சுக் கோட்டை மட்டும் மறக்காமல் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.